கலைச்சொல் விளக்கம்: பொருளாதாரச் சேத நிலை

பயிர்ப் பாதுகாப்பு அறிவுரைகளில் அடிக்கடி காணப்படும் தொடர் ‘பொருளாதாரச் சேத நிலை’ என்பது. அங்கத்தினர் பலரும் இதனைக் கேட்டிருப்பர். எனினும் இதன் பொருளைத் திட்டமாக அறிந்து வழங்குவோர் சிலரே. பொருள் பிறழ்ந்தால் மருந்துச் செலவும் பிறழும் ஆதலின், இச்சொல்லை இங்கு ஆராய்வோம்.

பொருள்

வயலில் பூச்சி இருப்பது வேறு. பூச்சியால் நட்டம் உண்டாவது வேறு. ஏக்கருக்கு மருந்தும் கூலியும் சேர்த்து 1,500 ரூபாய் செலவாகிறது என்றும், நெல் கிலோ 25 ரூபாய் என்றும் கொள்வோம். அச்செலவு 60 கிலோ நெல்லுக்குச் சமம். பூச்சி அழிக்கக்கூடியது 20 கிலோவே என்றால், மருந்தடித்தவர் 20 கிலோவைக் காக்க 60 கிலோவை இழந்தவராவார். நட்டமும் செலவும் சமமாகும் பூச்சி எண்ணிக்கை ஓர் எல்லை. அந்த எல்லையை எட்டவிடாமல் தடுப்பதற்கு, அதற்குச் சற்று முன்னரே செயலில் இறங்கவேண்டிய எண்ணிக்கை மற்றோர் எல்லை. மருந்து வாங்கவும் ஆள் அமர்த்தவும் நாள் செல்லுமன்றோ? அறிவுரைகளில் ‘சேத நிலை’ எனப்படுவது பெரும்பாலும் இந்த இரண்டாவது எல்லையே. 1959-இல் கலிஃபோர்னியாவின் பூச்சியியல் அறிஞர்களான ஸ்டெர்ன், ஸ்மித், வான் டென் போஷ், ஹேகன் ஆகிய நால்வரும் இவ்விரண்டையும் பிரித்து வரையறுத்தனர்.

மரக்காணம் உப்பளங்களில் உழைப்போர்க்கு இத்தகைய எல்லை புதிதன்று. உப்பு நீரின் அடர்த்தி போமே அளவையில் ஏறத்தாழ 25 டிகிரியை எட்டும்போதே உப்பு படியத் தொடங்கும். 30 டிகிரியை நெருங்கும்போது எஞ்சிய நீரை வடித்துவிடுவர். விட்டுவைத்தால் மக்னீசிய உப்புகள் கலந்து கைக்கும். அங்கே அளவு பார்த்தே மடை திறக்கப்படுகிறது. நெல் வயலிலும் அளவு பார்த்த பின்னரே தெளிப்பானைத் தோளில் ஏற்றுதல் வேண்டும்.

வழங்கும் முறை

நெற்பயிருக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் கூறும் நிலைகளுள் சில வருமாறு:

குருத்துப்பூச்சி: ஒரு சதுர மீட்டருக்கு 2 முட்டைக் குவியல்கள், அல்லது 10 விழுக்காடு நடுக்குருத்துக் காய்தல்.

இலைச்சுருட்டுப் புழு: வளர்ச்சிப் பருவத்தில் 10 விழுக்காடு இலைச் சேதம், பூக்கும் பருவத்தில் 5 விழுக்காடு கண்ணாடி இலைச் சேதம்.

புகையான்: சிலந்தி இல்லாதபோது தூருக்கு 1, குத்துக்கு 1 சிலந்தி இருப்பின் தூருக்கு 2.

கடைசி வரியில்தான் மயக்கம் நேர்கிறது. ‘குத்து’ என்பது ஓரிடத்தில் நட்ட நாற்று கிளைத்த முழுத் தொகுதி. ‘தூர்’ என்பது அதிலுள்ள ஒவ்வொரு கிளைத் தண்டு. ஒரு குத்தில் 15 தூர்கள் இருப்பின், சிலந்தி இல்லாத வயலில் எல்லை குத்துக்கு 15 பூச்சிகள். ‘தூர்’ என்பதைக் குத்து எனக் கொண்டவர், எல்லையில் பதினைந்தில் ஒரு பங்கு பூச்சியைக் கண்டே மருந்தடித்துவிடுவார்.

இதனால் பணம் மட்டுமன்று, காவலும் போகிறது. சிலந்தி புகையானைத் தின்று வாழ்வது. பல பூச்சிகளையும் ஒருங்கே கொல்லும் மருந்து முதலில் சிலந்தியை ஒழிக்கும். அதன் பின் புகையான் முன்னிலும் பெருகும். இந்தோனேசியாவில் இவ்வாறு பெருகியதால், 1986-இல் அந்நாட்டு அரசு 57 வகைப் பூச்சி மருந்துகளை நெல்லுக்கு விலக்கி ஆணையிட்டது. நம் பகுதிக்கு மேலும் ஒரு கவலை உண்டு. கழுவேலியைச் சூழ்ந்த வயல்களின் வடிநீர் அந்த ஏரியிலும், பின் உப்பங்கழியிலும் சேர்கிறது. 2021-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட நீர்நிலை அது. மீனும் இறாலும் வளரும் இடமும் அதுவே. வேண்டாத மருந்து அங்கும் சென்று சேரும்.

எண்ணும் வழி

வரப்பில் நின்று எண்ணுதல் ஆகாது. வயலின் குறுக்காக நடந்து, இடம்விட்டு இடம் பத்துக் குத்துகளேனும் பார்த்தல் வேண்டும். புகையான் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே தண்டின் அடியில் தங்குவதால், பயிரை விலக்கிக் குனிந்து பார்ப்பது அவசியம். பூச்சி, தூர், சிலந்தி மூன்றையும் எண்ணிக் குறித்துக்கொள்க.

பயிற்சி

பத்துக் குத்துகளில் 150 தூர்கள்; 180 புகையான்கள்; 12 சிலந்திகள். மருந்து வேண்டுமா?

விடை: தூருக்கு 1.2 பூச்சி, குத்துக்கு ஒன்றுக்கு மேல் சிலந்தி. எல்லை 2 ஆகையால் இப்போது வேண்டா. சில நாள் கழித்து மீண்டும் எண்ணுக. சிலந்தியே இல்லையெனில், இதே கணக்குக்கு விடை மாறும். உடனே செயற்பட வேண்டும்.

அங்கத்தினர் மருந்து வாங்கப் புறப்படுமுன், இக்கணக்கைத் தம் வயலுக்கு ஒருமுறை போட்டுப் பார்ப்பாராக.