அடுப்பைத் தீர்மானிக்கும் பாத்திரங்கள்

வீட்டுச் சமையலறைக்கு எரிவாயு அடுப்பா, மின் அடுப்பா என்ற கேள்வி பெரும்பாலும் செலவுக் கணக்காகவே எழுகிறது. ஆயினும் இரண்டையும் ஒரே மேடையில் வைத்துப் பல ஆண்டுகள் புழங்கிய தமிழ்நாட்டு வீடுகளின் அனுபவத்தைக் கூர்ந்து நோக்கினால், அங்கே அன்றாடம் என்ன சமைக்கப்படுகிறது, அது எந்தப் பாத்திரத்தில் சமைக்கப்படுகிறது என்பவையே முடிவைத் தீர்மானிக்கின்றன என்பது புலப்படும்.

இன்று பரவலாக விற்கப்படும் மின் அடுப்பு இண்டக்‌ஷன் வகையாகும். இதில் கண்ணாடித் தட்டின் அடியிலுள்ள செப்புக்கம்பிச் சுருள், விநாடிக்குப் பல்லாயிரம் முறை திசைமாறும் காந்தப்புலத்தை உண்டாக்க, அப்புலம் பாத்திரத்தின் அடிப்பாகத்தில் மின்னோட்டத்தைத் தூண்டிப் பாத்திரத்தையே சூடாக்குகிறது. ஆகவே காந்தம் ஒட்டாத உலோகம் இதற்கு உதவாது. அலுமினியக் குக்கர், பித்தளை உருளி, ரசம் வைக்கும் ஈயச்சொம்பு, மீன்குழம்புக்கான மண்சட்டி ஆகிய எதுவும் இதில் சூடேறுவதில்லை; எவர்சில்வர் பாத்திரங்களிலும் ஒரு பகுதியே பயன்படும். அடுப்பு வாங்குமுன் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கும் காந்தத்தை எடுத்து, வீட்டிலுள்ள ஒவ்வொரு பாத்திரத்தின் அடியிலும் வைத்துப் பார்ப்பது எந்த விற்பனையாளரின் விளக்கத்தையும்விடத் தெளிவான விடையைத் தரும். இன்ஃப்ராரெட் அடுப்பு எனப்படும் மற்றொரு வகை, உள்ளிருக்கும் மின்னிழை தகித்து வெளியிடும் வெப்பத்தால் இயங்குவதால் தட்டையான எந்தப் பாத்திரத்தையும் ஏற்கும்; எனினும் சூடேறவும் ஆறவும் அதற்கு நேரம் பிடிக்கும்.

பாத்திரத்தின் உலோகம் பொருந்தினாலும் அளவும் வடிவமும் பொருந்த வேண்டும் என்பதைத் தோசைக்கல் நன்கு உணர்த்துகிறது. இரும்புக் கல்லில் காந்தம் உறுதியாக ஒட்டும் என்றாலும், அடுப்பின் சுருள் கல்லைவிடச் சிறியதாக இருப்பதால், நடுப்பகுதி கருகத் தொடங்கும் வேளையிலும் விளிம்பில் மாவு வெளுத்தே கிடக்கும்; கல் மெல்லியதாயின் திடீர் வெப்பத்தில் நெளிந்து, எண்ணெய் ஒருபுறம் ஒதுங்கிவிடும். தாளிப்புக் கரண்டியின் நிலையும் இத்தகையதே: அதன் அடி மிகச் சிறிதாகையால் பல இண்டக்‌ஷன் அடுப்புகள் பாத்திரம் இருப்பதையே உணராமல் எச்சரிக்கை ஒலி எழுப்பி நின்றுவிடுகின்றன. தோசை, தாளிப்பு, குழிந்த வாணலியில் பொரிப்பது, அப்பளமும் கத்தரிக்காயும் சுடுவது ஆகியவற்றைக் கைவிட மனமில்லாத வீடு எரிவாயுவையும் கைவிட இயலாது.

மாறாக, நீரைக் கொதிக்கவைக்கும் வேலைகள் அனைத்திலும் இண்டக்‌ஷன் தெளிவாக முந்துகிறது. சோற்றுக்கு உலை வைப்பது, பருப்பு வேகவைப்பது, இட்லி அவிப்பது, குளிக்க வெந்நீர் போடுவது ஆகியவை விரைவில் முடிவதோடு, சமையலறையும் அனலாவதில்லை. தீ அலைபாயும் என்று அஞ்சி எரிவாயு அடுப்பின் அருகே மின்விசிறியை நிறுத்திவைக்கும் இல்லத்தரசிக்கு, அக்கினி நட்சத்திரக் காலத்தில் விசிறி ஓட ஓடச் சமைக்க முடிவது சிறிய நன்மையன்று. ஆனால் குறைந்த சூட்டில் நெடுநேரம் கிளற வேண்டிய பால்பாயசம் போன்றவற்றில் கவனம் தேவை. ஏனெனில் விலை குறைந்த அடுப்புகள் பலவும் தொடர்ந்து இளஞ்சூடு தருவதற்குப் பதிலாக, வேகமாகச் சில விநாடி இயங்கிச் சில விநாடி ஓய்வதால், அடிகனமில்லாத பாத்திரத்தில் பால் அடிப்பிடிக்கும்.

செலவைக் கணிக்க விரும்புவோர் ஒரு கிலோ எரிவாயுவில் ஏறத்தாழ 12.7 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பம் அடங்கியுள்ளது என்பதிலிருந்து தொடங்கலாம். எரிவாயு அடுப்பில் அவ்வெப்பத்தில் சுமார் 60 விழுக்காடும், இண்டக்‌ஷனில் மின்சாரத்தின் சுமார் 85 விழுக்காடும் உணவைச் சேர்வதாகக் கொண்டால், 14.2 கிலோ சிலிண்டர் ஒன்றின் வேலையைச் செய்ய 125 முதல் 130 யூனிட் வரை மின்சாரம் தேவைப்படும். இங்கே பலர் தவறும் இடம் ஒன்றுண்டு: இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை படிநிலைக் கட்டணத்தில் கணக்கிடப்படும் மின்கட்டணத்தில், புதிய அடுப்பின் யூனிட்டுகள் அனைத்தும் ஏற்கெனவே உள்ள பயன்பாட்டின் மேல் ஏறுவதால், சராசரி விலையை விடுத்து, அவ்வீடு எட்டியிருக்கும் உச்சப் படியின் விலையைக் கொண்டே ஒப்பிட வேண்டும். குளிர்சாதனம் ஓடும் கோடையில் நட்டமாகத் தோன்றும் அதே அடுப்பு, மார்கழியில் லாபமாகவும் அமையலாம்.

பாதுகாப்பைப் பொறுத்தவரை, சிலிண்டர் எரிவாயு காற்றைவிடக் கனமானதாகையால், கசிந்தால் தரையோரம் தேங்கும். உயரத்திலுள்ள சன்னல் மட்டும் போதாது, தரைமட்டத்திலும் காற்று வெளியேற வழி வேண்டும். நீலமாக எரிந்த சுடர் மஞ்சளாகிப் பாத்திரத்தின் அடியில் கரி படிந்தால், பர்னரின் துளைகளைச் சுத்தம் செய்தாக வேண்டும். அடுப்பை அணைக்க மறக்கும் முதியோர் தனித்து வாழும் வீட்டில், பாத்திரத்தை எடுத்ததும் தானே நிற்கும் இண்டக்‌ஷன் பெரும் பாதுகாப்பு என்பதில் ஐயமில்லை. இதயமுடுக்கி பொருத்தப்பட்டவர்கள் மட்டும் முன்னதாக மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

எனினும் மின் அடுப்பு ஒன்றையே நம்புவது இம்மாநிலத்தில் உகந்ததன்று. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையின் பல பகுதிகள் நாட்கணக்கில் மின்சாரமின்றிக் கிடந்தபோது, குழந்தைக்குப் பால் காய்ச்ச உதவியது சிலிண்டரே. வீட்டு இன்வெர்ட்டர் பொதுவாக இத்தகைய சுமையைத் தாங்குவதில்லை. ஆகவே இரண்டு பர்னர் எரிவாயு அடுப்பை வைத்துக்கொண்டு, கொதிக்கவைக்கும் வேலைகளுக்கு ஓர் இண்டக்‌ஷனைச் சேர்த்துக்கொள்வதே பெரும்பாலான குடும்பங்களுக்குப் பொருந்தும். 2000 வாட் அடுப்பு 230 வோல்ட்டில் ஏறத்தாழ 8.7 ஆம்பியர் இழுக்கும் என்பதால், மிக்ஸிக்கான சாதாரண பிளக்கில் அதைச் செருகாமல், எலெக்ட்ரீஷியனை அழைத்துத் தனி வயரிங்குடன் பவர் பிளக் ஒன்றை அமைத்த பிறகே அடுப்பை வாங்கச் செல்வது முறை.