பீடிக்கு மட்டும் விதிவிலக்கா?

நம்பிக்கை: சிகரெட்டில்தான் கெமிக்கல். பீடி வெறும் இலை. பவுண்டரிப் புகையிலேயே நாளெல்லாம் நிற்கிற கோயம்புத்தூர்க்காரரை அது என்ன செய்துவிடும்?

உண்மை: கம்பெனிக்காரர்கள் எதையோ கலப்பதால்தான் புற்றுநோய் வருகிறது என்ற எண்ணமே இதற்கு அடிப்படை. புகையிலைப் புகையில் 7,000-க்கும் மேற்பட்ட வேதிப்பொருட்கள் உள்ளன; அவற்றில் சுமார் 70 புற்றுநோய் உண்டாக்குபவை. முக்கியமான பலவற்றை யாரும் கலப்பதில்லை. இழுக்கும்போது கங்கின் சூடு 900 டிகிரியை எட்டும்; இலை அரைகுறையாக எரிகையில் பென்சோபைரீன், பென்சீன், ஃபார்மால்டிஹைடு எல்லாம் உருவாகின்றன. பென்சோபைரீனை வெளியேற்றப் பார்க்கும் உடல் அதை வேறொன்றாக மாற்றுகிறது. அந்த வேறொன்றுதான் டி.என்.ஏ.வில் போய் ஒட்டுகிறது. கட்டி வளராமல் காக்கும் பி53 மரபணுவில் அது ஒட்டும் இடங்களும், நுரையீரல் புற்றில் அம்மரபணு பெரும்பாலும் பழுதாகும் இடங்களும் பொருந்துவதை 1996-இல் ஓர் ஆய்வு காட்டியது. பீடியில் புகையிலைத் தூள் குறைவுதான். ஆனால் பீடி இலைக்குள் காற்று எளிதில் புகாது, விட்டால் அணைந்துவிடும். அடிக்கடி அழுத்தி இழுக்க வேண்டியிருப்பதால், உள்ளே போகும் தார் சிகரெட்டுக்குக் குறைந்ததில்லை.

பவுண்டரி வாதத்தில் பாதி நியாயம் இருக்கிறது. 1986-இல் புகையிலைப் புகையைப் புற்றுநோய்க் காரணி என்று உறுதிசெய்த சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை, இரும்பு வார்ப்படத் தொழிலையும் அதே முதல் வகையில்தான் வைத்திருக்கிறது. அச்சு மணலில் சேர்த்த பிசினும் நிலக்கரித் தூளும் உருகிய இரும்பு பட்டுக் கருகும்போது, பென்சோபைரீன் வகையறாவே கிளம்புகிறது. ஆனால் இது பீடிக்குச் சாதகமான சாட்சியல்ல. ஷெட்டுப் புகை காற்றில் கலந்து மூக்குக்கு வருகிறது. பீடிப் புகை நேராக நெஞ்சுக்குள் இறங்குகிறது. பட்டறைத் தொழிலாளிக்கு இரண்டும் சேர்கின்றன. முதலாளி புகைபோக்கி வைக்க வேண்டும். தொழிலாளி பீடியை விட வேண்டும். ஒன்றைச் சொல்லி மற்றதைத் தள்ள முடியாது.

எரிப்பதுதான் குற்றமென்றால், வெத்தலையோடு புகையிலை போடலாமே என்று கேட்கலாம். மெல்லும் புகையிலை விளைந்த கொங்கு மண்ணில் இது இயல்பான கேள்வி. பச்சை இலையில் மிகச் சொற்பமாக இருக்கும் நைட்ரோசமைன்கள் என்ற புற்றுநோய்க் காரணிகள், பாடம் செய்யும்போதே பெருகிவிடுகின்றன. அதற்கு நெருப்பு வேண்டியதில்லை. வாய்ப்புற்றுக்கு வழி அது. கடைசியாக ஒரு வாதம் வரும்: தொண்ணூறு வரை பீடி குடித்து வாழ்ந்த தாத்தாக்கள் ஊருக்கு ஊர் உண்டு. நடுவயதிலேயே போனவர்கள் அந்தக் கணக்கில் வருவதில்லை. பழக்கத்தை விட்ட பிறகு ஆபத்து ஆண்டுக்காண்டு குறையும். உதவிக்கு 1800-11-2356 என்ற இலவச எண் இருக்கிறது.