இருபட்டப் படிப்பும் இருவகைத் தண்டவாளமும்

ராகலைக்கு ஒரு காலத்தில் புகைவண்டி வந்தது. நானுஓயாவிலிருந்து நுவரெலியா வழியாக ஏறிய அச்சிறு பாதையின் தண்டவாளம் இரண்டரை அடி அகலமே உடையது. கொழும்புக்குச் செல்லும் பெரும்பாதையோ ஐந்தரை அடி. ஆதலின் நம் தோட்டத்துத் தேயிலைப் பெட்டிகள் நானுஓயாவில் இறக்கப்பெற்று மறுவண்டியில் ஏற்றப்பட்டன. 1940களில் அப்பாதை மூடப்பட்டது. அதனை ஈண்டு நினைவூட்டுவதற்குக் காரணம் உண்டு.

சர்வதேச வணிகத் துறையில் இருபட்டப் படிப்பு என ஒன்று இன்று நடைபெறுகின்றது. ஜேர்மனியின் ரொய்ட்லிங்கன் நகரில் 1979ஆம் ஆண்டு தொடங்கிய வணிகக் கல்விக்கூடம் இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். மாணாக்கர் இரண்டாண்டு அங்கும், இரண்டாண்டு பிறிதொரு நாட்டுப் பங்காளி நிறுவனத்திலும் பயின்று, ஈரிடத்துப் பட்டத்தையும் பெறுவர். இரு பட்டங்களுக்குரிய உழைப்பு நான்காண்டில் அடங்குவது எங்ஙனம்? ஓரிடத்துப் படிப்பை மற்றையது தன் கணக்கில் ஏற்றுக்கொள்வதனாலேயே. நமக்கும் இத்தகைய ஏற்பாடு முற்றிலும் புதிதன்று. 1921இல் தொடங்கிய கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியில், 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் அமையும்வரை, இங்கே கற்று லண்டன் பட்டம் பெற்றனர். ஆயின் அன்று பாடத்திட்டம் லண்டனுடையது. நம்மவர்க்குத் தெரிவு குறைவு.

ஏற்றுக்கொள்ள அளவை வேண்டும். ஐரோப்பாவில் ஓராண்டுப் படிப்பு 60 கிரெடிட். ஒன்றுக்கு 25 முதல் 30 மணி நேர உழைப்பு. இலங்கையின் தேசிய தகைமைச் சட்டகத்தின்படி ஓராண்டு 30 கிரெடிட். ஒன்றுக்கு 50 மணி. பெருக்கிப் பார்ப்பின் நமது 1,500 மணி. அவர்களது 1,500 முதல் 1,800 மணி. எண் பாதியெனக் கண்டு நம் மாணவன் நாணவேண்டியதில்லை. தண்டவாள அகலமே வேறு.

எனினும் எல்லாப் பெட்டிகளும் மறுவண்டி ஏறா. கணக்கியலும் புள்ளிவிபரவியலும் எளிதில் ஏறும். வணிகச் சட்டமும் வரிச்சட்டமும் நாட்டுக்கு நாடு வேறாதலின் பெரும்பாலும் நின்றுவிடும். ஆகவே தெரிந்த பாடங்களின் பட்டியல், புறப்படுமுன்பே இரு நிறுவனங்களும் ஒப்பமிட்ட எழுத்தாக இருத்தல் வேண்டும். வாய்ச்சொல்லை நம்பினால் ஓராண்டு வீணாகலாம். செல்வர் வீட்டுப் பிள்ளைக்கு அது சலிப்பு. கொழுந்தெடுத்த கூலியில் வளர்ந்த பிள்ளைக்கோ படிப்பே அத்துடன் முடியவும் கூடும்.

இத்தகைய படிப்பில் முதலாண்டு மாணாக்கர், பங்காளி நாட்டிலிருந்து வந்த மூத்தோரைத் தம்மிடத்தே சந்திப்பர். பின்னர் அவர்தம் நாட்டுக்கே விருந்தினராய்ச் செல்வர். வாடகை அறையும் பரீட்சை முறையும் பற்றி விரிவுரையில் கேளாதவற்றை இவ்வுறவே கற்பிக்கின்றது. ராகலையிலிருந்து தனியே செல்பவனுக்கு அத்தகைய மூத்தோர் யார்? வெளிநாடு சென்று பயின்ற பழைய மாணவர் தத்தம் அனுபவத்தை ஒரு குறிப்பேட்டில் எழுதிக் கல்லூரி நூலகத்தில் வைப்பாராக. ஏற்கப்படாத பாடங்களின் பெயர்களே அதில் முதலில் வரட்டும்.