அந்தமான் போகிறீர்களா? கடைசி இரவு போர்ட் பிளேரில்!

ஐப்பசி பிறந்துவிட்டது. தீபாவளிக்கும் அரையாண்டு விடுமுறைக்கும் அந்தமானுக்கு டிக்கெட் எடுத்தவர்கள் தாளும் பேனாவுமாக உட்காரும் நேரம் இது. எங்கள் மேசைக்கு வரும் தாள்களில் ஐந்து நாளுக்குள் செல்லுலார் சிறை, ராஸ் தீவு, பாராடாங், ஹேவ்லாக், நீல் எல்லாமே இருக்கின்றன. தூங்குவதற்குத்தான் நேரம் ஒதுக்கவில்லை.

மற்றதைப் படிக்காவிட்டாலும் இதை மட்டும் படித்துவிடுங்கள். ஊர் திரும்பும் விமானத்துக்கு முந்தைய இரவு போர்ட் பிளேரில் தங்குங்கள். காலையில் ஹேவ்லாக்கில் படகேறி, மதியம் விமானம் பிடித்துவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள்.

போர்ட் பிளேரிலிருந்து ஹேவ்லாக் சுமார் 40 கிலோமீட்டர். தனியார் விரைவுப் படகு ஒன்றரை மணி நேரத்தில் போய்விடும். அரசுப் படகுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாகும். கேட்பதற்குத் தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு போவதுபோல இருக்கும். நடுவில் இருப்பது கடல். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வங்கக் கடலில் புயல் உருவாகும் மாதங்கள். அந்தமான் கடல் பகுதியில் காற்றழுத்தத் தாழ்வு என்று செய்தியில் சொன்னதும், பள்ளிக்கு விடுமுறை உண்டா என்று பார்ப்பது நம் வழக்கம். இந்த முறை நீங்கள் நிற்கப்போவது அந்தத் தாழ்வுக்கு நேர் கீழே. 2016 டிசம்பரில் அங்கே உருவான தாழ்வு மண்டலத்தால் படகுகள் நின்று, ஹேவ்லாக்கிலும் நீலிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகள் சிக்கிக்கொண்டார்கள். மீட்கக் கடற்படைக் கப்பல்கள் போகவேண்டியிருந்தது. அதே மண்டலம்தான் வலுத்து, வர்தா புயலாக டிசம்பர் 12 அன்று சென்னையைக் கடந்தது.

புயல்கூட வேண்டாம், பலத்த காற்று போதும். ஜெட்டியில் மழையே இருக்காது, வெயில்கூட அடிக்கும். கவுண்டரில் இருப்பவர் “இன்னைக்கு படகு இல்லை” என்பார். உடனே நம்மவர்கள் கைப்பேசியில் விமான டிக்கெட்டைத் திறந்து, கண்ணாடிக்குள் நீட்டி, “ஒண்ணரைக்கு ஃப்ளைட் சார்” என்பார்கள். அதைப் பார்த்து அலை இறங்கிவிடுமா? படகுக் காசு திரும்பிவிடும். விமானக் காசு வராது. விமானம் நேரத்துக்குக் கிளம்பியிருக்கும். நான்கு பேர் குடும்பத்துக்கு மறுநாள் டிக்கெட் விடுமுறைக் கால விலையில் எடுத்தால், மொத்தப் பயணச் செலவையே தாண்டிவிடலாம். போன வருஷமும் இதையே சொன்னோம். கேட்டுத் தலையாட்டிவிட்டுப் போனவர்கள்தான் டிசம்பரில் ஜெட்டியிலிருந்து போன் செய்தார்கள்.

நான்கு இரவு இருந்தால் இப்படிப் போடுங்கள். இறங்கும் நாள் போர்ட் பிளேர்: மதியத்துக்குமேல் செல்லுலார் சிறை, இருட்டியதும் அங்கேயே ஒலி-ஒளிக் காட்சி. மறுநாள் காலைப் படகில் ஹேவ்லாக், அங்கே இரண்டு இரவு. நான்காம் நாள் படகில் திரும்பி போர்ட் பிளேரில் இரவு. அவ்வளவுதான். படகு ரத்தானாலும் மறுநாள் ஒரு வாய்ப்பு கையில் இருக்கும். இன்னும் இரண்டு இரவு இருந்தால் நீல் தீவைச் சேருங்கள், இல்லையென்றால் விடுங்கள். பாராடாங் ஒரு முழு நாளை விழுங்கும். விடியுமுன் கிளம்பி, வாகனங்கள் அணிவகுத்துப் போகும் நேரத்துக்குக் காத்திருக்க வேண்டும். வழியில் உள்ள காட்டுச் சாலையில் ஜாரவா பழங்குடி மக்களைப் படம் எடுப்பது குற்றம்.

மாலையை நம்பித் திட்டம் போடாதீர்கள். நம் கடிகாரம்தான் அங்கும், ஆனால் ஊர் வெகு கிழக்கே. நவம்பரில் ஐந்து மணிக்கே சூரியன் விழுந்துவிடும். ஹேவ்லாக்கின் ராதாநகர் கடற்கரைக்கு ஐந்தரைக்குப் போய், இருட்டில் செல்பி எடுத்துத் திரும்புவோர் உண்டு. மூன்றரைக்கே போய்விடுங்கள். காலை ஐந்தரைக்கு வெளிச்சம் வந்துவிடும். வேலைகளை அந்தப் பக்கம் நகர்த்துங்கள்.

ஸ்கூபா செய்கிறவர்கள் ஆழத்திலிருந்து வந்ததும் விமானம் ஏறக்கூடாது. ஒரே ஒருமுறை மூழ்கியிருந்தால் குறைந்தது 12 மணி நேரம், பலமுறை என்றால் 18 மணி நேரம் இடைவெளி வேண்டும். ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் உயரத்தில் குமிழியாகிவிடும். கடைசி இரவு எங்கே தங்குவது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மற்றவை சுருக்கமாக. படகு டிக்கெட்டை இப்போதே எடுங்கள். அடையாள அட்டை அசல் வேண்டும். ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள். வாந்தி மாத்திரை மருத்துவரைக் கேட்டு, படகேறுமுன். முதலை எச்சரிக்கைப் பலகை இருந்தால் தண்ணீரில் இறங்காதீர்கள், அலங்காரத்துக்கு வைக்கவில்லை. பவளத்துண்டு பொறுக்காதீர்கள், விமான நிலையத்தில் பிடிப்பார்கள். டிக்கெட்டில் ஸ்ரீ விஜயபுரம் என்றிருந்தாலும் அது போர்ட் பிளேர்தான். ஹேவ்லாக் ஸ்வராஜ் தீவு, நீல் ஷஹீத் தீவு.

டிக்கெட் எடுத்தாகிவிட்டதே என்கிறீர்களா? இன்றிரவே திறந்து பாருங்கள். விமானத் தேதியும் ஹேவ்லாக்கிலிருந்து திரும்பும் படகுத் தேதியும் ஒன்றாக இருந்தால், படகை ஒரு நாள் முன்னால் தள்ளுங்கள்; ஹேவ்லாக் அறையில் ஓர் இரவை ரத்து செய்து போர்ட் பிளேரில் அறை எடுங்கள். இப்போது மாற்றினால் போவது சில நூறு ரூபாய்.