ராத்திரி எரியும் பாத்ரூம் விளக்கு

என் கணவருக்கு 56 வயது. ராத்திரியில் நாலைந்து முறை சிறுநீர் கழிக்க எழுந்திருக்கிறார். கேட்டால், "வயசானா அப்படித்தான்" என்று பேச்சை முடித்துவிடுகிறார். எப்படிப் பேசுவது?
– ஒரு வாசகி, மதுரை

"டாக்டரிடம் போங்க" என்று ஆரம்பிக்காதீர்கள். எத்தனை முறை எழுகிறார் என்று ஒரு வாரம் காலண்டரில் குறித்துவைத்து, காபி நேரத்தில் காட்டுங்கள்.

ஐம்பதைத் தாண்டிய ஆண்கள் பலருக்கு புராஸ்டேட் சுரப்பி பெருத்து, சிறுநீர்ப் பாதையை நெருக்கும். பெரும்பாலும் அது புற்றுநோய் இல்லை. நிறையப் பேருக்கு மாத்திரையிலேயே கட்டுப்படும். சர்க்கரை நோயும் காரணமாகலாம். சிறுநீர், ரத்தப் பரிசோதனைகளோடு ஒரு ஸ்கேனும் எடுத்தால் யூராலஜிஸ்ட்டுக்குப் பெரும்பாலும் விஷயம் பிடிபட்டுவிடும். சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, ரத்தம் கலந்து வந்தாலோ அன்றே கிளம்புங்கள்.

உங்களுக்கு மாதவிடாய் நிற்கும் காலத்து உடம்புச் சூடு, தூக்கமின்மை உண்டா? அதை அவரிடம் முதலில் சொல்லுங்கள்; நீங்கள் மறைக்காமல் பேசினால் அவருக்கும் பேச்சு வரும். கூச்சத்தை மீறிய ஒரு கேள்வி எவ்வளவு தூரம் போகும் என்று பாருங்கள். கோவை முருகானந்தம் 1998-ல் மனைவி சாந்தி எதையோ மறைத்துக்கொண்டு போவதைப் பார்த்து, என்னவென்று கேட்டார். மாதவிடாய்க்கான பழந்துணி! அந்தக் கேள்வியிலிருந்துதான் மலிவு விலை நாப்கின் இயந்திரம் பிறந்தது. இடையில் ஊர் ஏசியது, சாந்தியே சில வருஷம் பிரிந்திருந்தார். 2016-ல் முருகானந்தத்துக்கு பத்மஸ்ரீ வந்தது.

உங்கள் வீட்டில் இத்தனை பாடு இருக்காது. "எனக்கு பிரஷர் பார்க்கணும், துணைக்கு வாங்க" என்று கூப்பிடுங்கள். காலண்டர் தாள் கைப்பையில் இருக்கட்டும்.