30 விநாடிக் கதவும் 200 கிலோமீட்டர் சாலையும்

விமான நிலையத்தில் ‘கஸ்டம்ஸ்’ என்ற ஒரே சொல்லுக்குள் நாம் மூன்று காத்திருப்புகளைத் திணித்து வைத்திருக்கிறோம். வெளிநாட்டிலிருந்து மீனம்பாக்கத்தில் வந்து இறங்குகிறவர் முதலில் நிற்பது பாஸ்போர்ட்டில் முத்திரை வாங்கும் இமிகிரேஷன் வரிசையில். அது உள்துறை அமைச்சகத்தின் பொறுப்பு. அடுத்தது லக்கேஜ் பெல்ட். பெட்டி எப்போது வரும் என்பது அதை இறக்குகிற ஆட்களின் வேகத்தைப் பொறுத்தது. மூன்றாவதாக வருவதுதான் சுங்கம், அது நிதியமைச்சகத்தின் கை. ‘நம்பகப் பயணி’ என்ற பெயரில் இன்று கிடைக்கும் திட்டங்களில் எதை எடுப்பது என்று யோசிப்பவர், தன் நேரம் இந்த மூன்றில் எங்கே கரைகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். ஜவ்வாது மலையிலிருந்தோ அதன் அடிவாரத்து ஊர்களிலிருந்தோ கிளம்புகிறவருக்கு நான்காவதாக ஒன்றும் உண்டு, சாலை. ஆம்பூர், வாணியம்பாடித் தோல் ஏற்றுமதிக்காரர்கள், காவலூர் வைணு பாப்பு வானாய்வகத்துக்கு வந்துபோகும் ஆய்வாளர்கள், சிங்கப்பூரில் வேலை பார்க்கும் பிள்ளையைப் பார்க்கப் போகும் போளூர்ப் பெற்றோர் எல்லோருக்கும் பொதுவான கணக்கு இது.

இந்திய அரசின் திட்டத்துக்கு எஃப்டிஐ–டிடிபி என்று பெயர். 2024 ஜூன் 22 அன்று டெல்லி விமான நிலையத்தின் மூன்றாம் முனையத்தில் தொடங்கியது. 2025 ஜனவரி 16 அன்று சென்னை, பெங்களூரு உள்ளிட்ட ஏழு விமான நிலையங்களுக்கு வந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் திருச்சி உட்பட இன்னும் ஐந்து சேர்ந்தன. இந்தியக் குடிமக்களும் ஓசிஐ அட்டை வைத்திருப்பவர்களும் சேரலாம். கட்டணம் கிடையாது. இணையத்தில் விண்ணப்பித்து, சரிபார்ப்பு முடிந்து, கைரேகையும் முகப்படமும் ஒருமுறை கொடுத்துவிட்டால் ஐந்து ஆண்டுகளுக்கு, அல்லது பாஸ்போர்ட் காலாவதியாகும் வரை, எது முந்துகிறதோ அதுவரை செல்லும். பிறகு வரிசைக்குப் பதில் இ-கேட். போர்டிங் பாஸையும் பாஸ்போர்ட்டையும் கருவியில் காட்டி, முகத்தைக் காட்டினால் கதவு திறக்கும். 30 விநாடியில் முடியும் என்பது அரசு சொல்லும் இலக்கு. இலவசம் என்பதாலும், ஒருமுறை உழைப்பு ஐந்தாண்டுக்கு உதவும் என்பதாலும், ஆண்டுக்கு ஒரு முறையாவது வெளிநாடு போகிறவர் இதில் சேராமல் இருக்கக் காரணம் தேட வேண்டியிருக்கிறது.

ஆனால் பயன் எங்கே என்பதில் ஏமாறக் கூடாது. ஊர் திரும்பும்போது இ-கேட்டில் மிச்சப்படுத்திய நேரத்தைப் பெரும்பாலும் லக்கேஜ் பெல்ட் விழுங்கிவிடும். வரிசையில் நின்றவரும் கதவில் நுழைந்தவரும் ஒரே பெல்ட்டின் முன்தான் பக்கத்துப் பக்கத்தில் நிற்பார்கள். கைப்பையோடு மட்டும் வருகிறவருக்குத்தான் வருகையில் முழு லாபம். புறப்படும்போது நிலைமை வேறு. அங்கே பெட்டி ஏற்கெனவே கை மாறிவிட்டது, இமிகிரேஷனில் மிச்சமாகும் ஒவ்வொரு நிமிடமும் நம்முடையது. மலைப்பாதையில் லாரி மறித்து அரை மணி தாமதமாக வந்து சேர்கிறவருக்கு அந்த நிமிடங்கள்தான் விமானத்தைப் பிடித்துக் கொடுக்கும். வயது வரம்பையும் கவனிக்க வேண்டும்: 12 முதல் 70 வரை. பேரனுக்கு எட்டு, பாட்டிக்கு எழுபத்திரண்டு என்றால் அவர்கள் இருவரும் பழைய வரிசையில்தான். கதவைத் தாண்டியவர்கள் அந்தப் பக்கம் காத்திருக்க வேண்டும். அப்படிப்பட்ட குடும்பம் இந்தத் திட்டத்தால் வேகமாகப் போகாது.

சென்னையா, பெங்களூரா என்ற கேள்வி இதைவிடப் பெரியது. காவலூரிலிருந்து பெங்களூரு ஏறக்குறைய 175 கிலோமீட்டர், சென்னை ஏறக்குறைய 200. வரைபடத்தில் பெங்களூரு முந்துகிறது. ஆனால் அதன் விமான நிலையம் நகரின் வடக்கே தேவனஹள்ளியில் இருக்கிறது. ஓசூர் வழியாகத் தெற்கிலிருந்து நுழைகிறவர் நகரைக் கடந்தாக வேண்டும், அல்லது சுற்றிப் போக வேண்டும். மீனம்பாக்கமோ சென்னையின் தென்மேற்கு ஓரத்தில் இருப்பதால், காஞ்சிபுரம், ஸ்ரீபெரும்புதூர் வழியாக வருகிறவர் நகரின் நெரிசலுக்குள் ஆழமாக மாட்டுவதில்லை. இரண்டு இடத்திலும் இ-கேட் உண்டு என்பதால் அதை வைத்துத் தேர்வு செய்ய ஒன்றுமில்லை. போளூர்ப் பக்கம் இறங்குகிறவருக்குச் சென்னை என்றே சொல்வேன். ஆலங்காயம், வாணியம்பாடிப் பக்கம் இறங்குகிறவர் மட்டும் டிக்கெட் விலையையும் நேரடி விமானத்தையும் பார்த்து முடிவு செய்யலாம்.

அமெரிக்காவின் குளோபல் என்ட்ரி வேறு இனம். சுங்கத்தையும் சேர்த்துச் சுருக்குகிற திட்டம் என்ற பெயருக்கு இந்த ஒப்பீட்டில் தகுதியுள்ளது இது மட்டுமே. 2017 முதல் இந்தியக் குடிமக்கள் சேரலாம். 100 டாலராக இருந்த கட்டணம் 2024 அக்டோபரில் 120 ஆனது. ஐந்தாண்டுக்குச் செல்லும் என்பதால் ஆண்டுக்கு 24 டாலர். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் பணம் திரும்பாது. இந்தியர்களுக்கு பாஸ்போர்ட் சேவா வழியாகப் பின்னணிச் சரிபார்ப்பு உண்டு. நேர்காணலை அமெரிக்காவில் இறங்கும்போதே முடித்துக்கொள்ள வழி இருக்கிறது. விசாவுக்கு இது மாற்றல்ல. உள்நாட்டு விமானங்களில் பாதுகாப்புச் சோதனையை எளிதாக்கும் டிஎஸ்ஏ பிரிசெக் கூடவே கிடைக்கிறது. ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை அமெரிக்கா போய், அங்கே ஊர் ஊராகப் பறக்கும் ஏற்றுமதிக்காரருக்குக் காசு வசூலாகிவிடும். மகளின் பிரசவத்துக்கு ஐந்தாண்டில் ஒருமுறை போகும் தாய்க்கு வீண் செலவு. இன்னொரு எச்சரிக்கை: சலுகை பெற்றவர் தவறினால் தண்டனையும் கனம். பையில் ஒரு கொத்துக் கறிவேப்பிலை, அதை அறிவிக்கவும் இல்லை என்றால், அபராதத்தோடு உறுப்பினர் தகுதியும் போகலாம்.

டிஜி யாத்ராவை இந்தப் பட்டியலில் சேர்ப்பவர்கள் குழப்புகிறார்கள். 2022 டிசம்பரில் தொடங்கிய அந்தச் செயலி உள்நாட்டுப் பயணத்தில் முனையத்துக்குள் நுழையவும் பாதுகாப்புச் சோதனைக்குப் போகவும் உதவுவது. இமிகிரேஷனுக்கும் சுங்கத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சிங்கப்பூர் போகிறவருக்கோ தனித் திட்டமே தேவையில்லை. அங்கே சாங்கி விமான நிலையத்தில் வெளிநாட்டுப் பயணிகளும் தானியங்கிக் கதவைப் பயன்படுத்தலாம். போய்ச் சேரும் நாளுக்கு முந்தைய மூன்று நாளுக்குள் வருகை அட்டையை இணையத்தில் இலவசமாக நிரப்பினால் போதும். அதற்குப் பணம் கேட்கும் தளம் எதுவானாலும் மூடிவிடுங்கள்.

அப்படியானால் சென்னையில் சுங்கத்தை எதைக் கொண்டு வேகமாகத் தாண்டுவது? எந்த அட்டையாலும் முடியாது, பெட்டிக்குள் இருப்பதுதான் தீர்மானிக்கும். இ-கேட்டில் நம்பகப் பயணியாக வந்தவரை அடுத்த வாசலில் நிற்கும் சுங்க அதிகாரி அப்படிப் பார்க்கக் கடமைப்பட்டவர் அல்ல. ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் இருந்து திரும்பும் பெண்ணுக்கு 40 கிராம், மற்றவர்களுக்கு 20 கிராம் என நகைக்கு வரிச் சலுகை உண்டு. இரண்டு வாரம் துபாய் போய்வந்தவர் அந்தக் கணக்கைத் தனக்கும் எடுத்துக்கொள்வதுதான் பல தகராறுகளின் வேர். வரிக்குரிய பொருள் இருந்தால் 2019இல் வந்த ‘அதிதி’ செயலியில் முன்பே அறிவித்துவிட்டு சிவப்பு வழியில் போவது நல்லது. அறிவிக்காமல் பச்சை வழியில் நடந்து மாட்டிக்கொள்கிறவர் இழக்கும் நேரத்துக்கு முன் அது ஒன்றுமேயில்லை. ஊரிலிருந்து அணிந்து போகும் கனமான நகைக்குப் புறப்படும்போதே சுங்கத்தில் ஏற்றுமதிச் சான்று வாங்கி வைத்தால், திரும்பும்போது வாக்குவாதத்துக்கு இடமிருக்காது.

கைரேகையையும் முகத்தையும் அரசிடம் கொடுக்க வேண்டுமா என்ற ஆட்சேபம் லேசானதல்ல. 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அரசு அமைப்புகளுக்கு விலக்களிக்க இடம் வைத்திருக்கிறது. பாஸ்போர்ட்டுக்கும் ஆதாருக்கும் ஏற்கெனவே கொடுத்தாயிற்றே என்பது பாதி பதில்தான், இன்னொரு தொகுப்பு என்பது இன்னொரு கசிவு வாய்ப்பு. தயக்கம் உள்ளவர் விலகியிருக்கலாம், பழைய வரிசை மூடப்படவில்லை. மற்றொரு ஆட்சேபம் இந்தப் பகுதிக்கே உரியது. தோல் பதனிடுகிறவருக்கும் மண்ணில் உழைக்கிறவருக்கும் விரல் ரேகை தேய்ந்திருக்கும், ரேஷன் கடைக் கருவி முன் அவர்கள் படும் பாடு தெரிந்ததே. பதிவின்போது அது சிக்கலாகலாம். ஆனால் கதவு திறக்காவிட்டாலும் பயணம் நிற்காது, கவுன்டருக்குப் போய் முத்திரை வாங்கலாம். பதிவுக்காக மட்டும் மலையிறங்கி நுங்கம்பாக்கம் ஹாடோஸ் சாலையில் உள்ள வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்துக்குப் போகவும் வேண்டாம். பயணத்துக்கு ஒரு மாதத்துக்கு முன்பாவது, பாஸ்போர்ட்டில் ஆறு மாதத்துக்கு மேல் ஆயுள் இருக்கும்போது விண்ணப்பித்து வையுங்கள். ஒப்புதல் வந்தபின், பறக்கும் நாளன்று ஒரு மணி நேரம் முன்கூட்டிப் போனால் விமான நிலையத்திலேயே ரேகை கொடுத்துவிடலாம்.