முயலின் ஆகாரமும் ஜீரணமும்

வீடுகளில் பிரியத்துடன் வளர்க்கப்படும் முயல்களிற் பல, தொற்று வியாதியினாலன்றித் தகாத ஆகாரத்தினாலேயே மடிகின்றன. நேற்று வரை துள்ளித் திரிந்தது இன்று காலை கூண்டில் விறைத்துக் கிடந்தது என்பதே வளர்ப்போரின் வழக்கமான முறையீடு. விசாரிக்குமிடத்து, சோறு, பிஸ்கோத்து, ரொட்டி, பயறு, காரட் ஆகியவை தாராளமாக அளிக்கப்பட்டு, புல் மட்டும் ஒரு கைப்பிடியோடு நிறுத்தப்பட்டிருப்பது தெரியவரும்.

இந்நாளைய வளர்ப்பு முயல்கள், கொடைக்கானலை அடுத்த மன்னவனூர் ஆராய்ச்சி நிலையத்திலுள்ள வெள்ளை ஜயண்ட், சோவியத் சிஞ்சில்லா இனங்கள் உட்பட, யாவும் ஸ்பெயின், போர்த்துகல் பிரதேசங்களில் முரட்டுப் புல்லைக் கறித்து வாழ்ந்த காட்டு முயலின் சந்ததியாகும். அவற்றின் குடலும் புல்லுக்கென்றே அமைந்தது. நார்ச்சத்தே குடலை இடைவிடாது அசையச் செய்கிறது. மேலும், ஆயுள் முழுதும் வளர்ந்துகொண்டேயிருக்கும் பற்கள் தேய்வதும் புல்லை அரைப்பதனாலேயாம்.

முயலின் குருட்டுக்குடல் மிகப் பெரியது. ஜீரணப்பாதையின் கொள்ளளவில் ஐந்தில் இரண்டு பாகமாவது இருக்கும். அங்கு வாழும் நுண்ணுயிர்கள் ஆகாரத்தைப் புளிக்கச்செய்து, புரதமும் பி வைட்டமின்களும் நிறைந்த, மினுமினுப்பான மெதுவான உருண்டைகளை உண்டாக்குகின்றன. இவற்றை முயல் தன் ஆசனவாயிலிருந்தே நேராக எடுத்து விழுங்கும். மாடு இரையை மீட்டு அசைபோடுவதற்கு இது ஒருவாறு ஒப்பாகும். இதனை அருவருப்பென எண்ணித் தடுப்பவர் முயலின் போஷாக்கையே தடுப்பவராவர். மாவுச்சத்து மிகுந்தால் அக்குடலில் தீய கிருமிகள் பெருகி, விஷமும் வாயுவும் உண்டாகி, குடலின் அசைவு நின்றுவிடும். முயலுக்கு வாந்தியெடுக்கும் சக்தி கிடையாதாகையால், வயிறு உப்பினால் ஆபத்து விரைவில் நேரிடும். பால் மறந்த குட்டிகள் இதற்கு எளிதில் இலக்காகும்.

ஆகவே அறுகு, கொழுக்கட்டைப்புல், உலர்ந்த புல் இவற்றுள் ஏதேனும் இரவும் பகலும் கூண்டில் இருத்தல் வேண்டும். அறுத்த பசும்புல்லைக் குவித்து வைத்துச் சூடேறிய பின் கொடுத்தலாகாது. அடர்தீவனம், வளர்ந்த முயலுக்கு 1 கிலோ எடைக்கு நாளொன்றுக்குச் சுமார் 25 கிராம் போதும். குதிரைமசால் குட்டிகளுக்கு நன்று. வளர்ந்தவற்றிற்கு அதிகமானால் சுண்ணாம்புச்சத்து மிகுந்து சிறுநீர் வெண்மையாகக் கலங்கும். காரட், படங்களில் முயலின் கையில் காணப்படினும், சர்க்கரை மிகுந்த கிழங்காகையால் ஒரு சிறு துண்டுக்கு மேல் வேண்டாம். தீவனத்தை மாற்றுவதாயின் ஏழு முதல் பத்து நாட்களுக்குள் படிப்படியாக மாற்றவேண்டும். 2 கிலோ எடையுள்ள முயல் நாளொன்றுக்கு 100 முதல் 300 மில்லிலிட்டர் நீர் அருந்தும். கோடையில் இன்னும் கூடும்.

தினமும் காலையில் கூண்டின் அடித்தட்டைப் பார்வையிடுதல் எந்த மருந்தினும் மேலானது. புழுக்கை சிறுத்தோ குறைந்தோ காணப்படுதல், முதுகைக் கூனி மூலையில் ஒடுங்குதல், பல்லை நறநறவெனக் கடித்தல் ஆகியன அபாயக் குறிகள். 12 மணி நேரம் தீவனத்தைத் தொடாத முயலை மறுநாள் பார்க்கலாமென விடாமல் உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும். மனிதர்க்கென வாங்கி மிஞ்சிய மாத்திரைகளைப் பொடித்துப் புகட்டுவது சிலரிடத்து வழக்கமாக உள்ளது. பெனிசிலின், அமாக்சிசிலின் போன்றவை வாய்வழிச் சென்றால் குருட்டுக்குடலின் நல்ல நுண்ணுயிர்களை அழித்து, முயலைச் சில தினங்களில் கொன்றுவிடக் கூடும்.